ரெண்டு ஸீட்டு வண்டி

கூரையில்லாத காரில் போவது சுகம் என்று சொல்கிறவர்கள் யாரும் சித்திரை வெயிலில் பட்டணத்திலிருந்து பூதலூர்ப் பக்கம் வரைக்கும் அதில் உட்கார்ந்து வந்ததில்லை. நான் வந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது எழுபதைத் தொடப்போகிறேன். இதை என் வயதுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால், "காரில் கூட்டிக்கொண்டு போனதற்கா இத்தனை புலம்பல்?" என்பார்கள். நமக்கு நல்லது செய்ததாகச் சொல்லிக்கொண்டு பெரியவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

போன வாரம் ஒரு பத்திரிகை வந்தது. ஆவணியில், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பத்திரிகை வந்த சூட்டிலேயே அந்த அறுபது வயது மாப்பிள்ளையும் போனில் கூப்பிட்டான். அந்தப் போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவன் என்ன கேட்டான் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வண்டி.

அது பெரியப்பாவின் வண்டி. பெரியப்பா என்றால் என் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். பட்டணத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகம். அவருடைய துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது வந்த விலைக்கு விட்டுவிட்டுப் போன வண்டி அது. இலைப் பச்சை நிறம். தரையோடு தரையாக இருக்கும். பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி வந்தால் மாட்டின் முழங்கால்தான் நம் கண்ணுக்கு நேரே தெரியும். தகரமோ என்று சந்தேகப்படும்படி லேசானது. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னால் மடித்து வைத்திருக்கும் கித்தானை இழுத்து மாட்ட வேண்டும். உள்ளே இரண்டே இரண்டு ஸீட்டு. ரத்தச் சிவப்பில் தோல் ஸீட்டு. அந்தத் தோலுக்குப் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். என் தலைக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு ஒழுங்காக எண்ணெய் வைத்ததில்லை.

இரண்டு ஸீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காருவார்கள். ஸீட்டுக்குப் பின்னால் கைப்பெட்டி வைக்க ஓர் இடுக்கு உண்டு. அதில்தான் நான் போவேன், முழங்கால் தாடையில் இடிக்க. கடற்கரைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்த இடுக்குதான். எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. இரண்டு பேருடைய பிடரியையும் பார்த்துக்கொண்டே போவது ஒரு பாதுகாப்பாகக்கூட இருந்தது.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது ஆறு வயது. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தால் அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்" என்று பெரியம்மாவின் தாயாரே வந்து பேசிவிட்டுப் போனார். அந்தப் பழமொழியில் ஊரார் பிள்ளை யார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பூதலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அப்பா என் கையைப் பிடித்துப் பெரியப்பாவின் கைக்குள் வைத்து, "இனிமே இவ உங்க புள்ளண்ணே" என்றார். எனக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தகரப் பெட்டி. மூடியில் கிளி படம் போட்ட பெட்டி. என் கவனமெல்லாம் அந்தக் கிளியின் மேல்தான் இருந்தது.

பட்டணம் போனதும் பெரியப்பாவை அப்பா என்றும் பெரியம்மாவை அம்மா என்றும் கூப்பிடச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பக்கிள் வைத்த கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். பெரியம்மா அடிக்கமாட்டார், கொஞ்சவும் மாட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் என்னைப் பக்கத்தில் இழுத்து மடியில் சாய்த்துக்கொள்வார். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்திப் பால் கறப்பார்களே, நம்மில் பலர் பார்த்திருப்போம். நான் அந்த வைக்கோல் கன்று. மாடு மடி சுரந்த பிறகு வைக்கோல் கன்றைக் கொட்டில் மூலையில் போட்டுவிடுவார்கள்.

அப்படித்தான் நடந்தது. மூன்றாம் வருஷம் பெரியம்மா படுத்த படுக்கையாக இருந்தார். எதைத் தின்றாலும் வாந்தி. வீட்டில் கூடை கூடையாக மாங்காய் வந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம்; உப்பும் மிளகாய்த் தூளும் வைத்துக்கொண்டு நானும் தின்றேன். பெரியம்மாவின் தாயார் வந்து தங்கினார். அவர் வந்த பிறகு என் படுக்கை கூடத்துக்கு மாறியது. காலையில் பெரியம்மா கண் விழிக்கும் நேரத்தில் நான் எதிரே போகக் கூடாது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் ஏன் என்று கேட்காத பிள்ளைகள் நாம். அதையும் நமக்குப் பெருமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். "நாளைக்கு ஊருக்குப் போறோம், கார்ல" என்றார் பெரியப்பா. விடியற்காலையில் எழுப்பிக் கிளப்பினார்கள். தகரப் பெட்டி அந்த இடுக்கில் நுழையவில்லை. "பின்னாடி ரயில் பார்சல்ல வரும்" என்று சொல்லி ஒரு துணிப் பையில் இரண்டு கவுனை மட்டும் திணித்தார்கள். ஷூவும் பெட்டிக்குள் இருந்தது. நான் செருப்பில்லாமல் போய் வழக்கம்போல் இடுக்கில் ஏறப்போனேன்.

"அங்க எதுக்கு? முன்னாடி வா" என்றார் பெரியப்பா.

முன் ஸீட்டு! பெரியம்மாவின் ஸீட்டு! அதில் ஒரு துண்டை விரித்து, வேர்வை படாமல் உட்காரச் சொன்னார். பெரியம்மா வாசல்வரை வந்தார். தன் தலையில் கட்டும் நீலப் பட்டுத்துணியை, வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் போட்டது, எடுத்துவந்து என் தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். "காத்துல காது அடச்சிக்கும்" என்றார். மூன்று வருஷத்தில், விருந்தாளி யாரும் பார்க்காதபோது அவர் என் முகத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். இந்த உலகத்தில் என்னைவிட அதிர்ஷ்டசாலி இல்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பயணத்தின் முதல் பாதியை நான் பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காற்று வாயைத் திறக்க விடாது. திறந்தால் உள்ளே புகுந்து கன்னத்தை ஊதவைக்கும். புளியமரங்கள் தலைக்கு மேலே ஓடும். பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிக் குனிந்து எங்களைப் பார்த்தார்கள். கோணி மணமும் தார் மணமும் எண்ணெய் போட்ட தோலின் மணமும் மாறி மாறி வந்தன. வெயில் ஏறியதும் சிவப்புத் தோல் தொடையைச் சுட்டது. சுட்டால் என்ன, முன் ஸீட்டு அல்லவா?

திண்டிவனத்தில் டீக்கடை. பெரியப்பா டீயை ஊதிக்கொண்டே, "ஊர்ல போய் என்னை அப்பான்னு கூப்புடாத. பெரியப்பான்னு கூப்புடு. தம்பி மனசு கஷ்டப்படும்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர், தம்பியின் மனசைப் பற்றி எப்படி நினைக்கிறார் என்று இருந்தது. சரிப்பா என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சரி பெரியப்பா என்றேன். அவர் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழத்தை அறுத்து வைத்திருந்தார்கள். வாசனை வண்டியைத் துரத்திக்கொண்டு வந்தது. ஒரு சுளை கேட்டேன். "பிசின் ஸீட்டுல ஒட்டும்" என்றார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. அணைக்கரையில் எதிர் வண்டிக்காகப் பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்து நின்றோம். கொள்ளிடம் வெறும் மணல். கும்பகோணம் தாண்டும்போது எனக்கு ஒன்றுக்கு முட்டியது. சொன்னால் ஸீட்டைப் பற்றித்தான் பயப்படுவார் என்று தொடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருவையாறு தாண்டி, நெல் அறுத்த வயல்களில் உளுந்து பிடுங்கும் காலம். பிடுங்கிய செடியைச் சாலையில் பரப்பிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துப் போகும். நெற்று வெடித்து உளுந்து உதிரும். சருகைத் தள்ளிவிட்டுக் கூட்டி அள்ள வேண்டியதுதான். ஊரான் பெட்ரோலில் போரடிக்கிற வேலை. எங்கள் பக்கத்து மூளைக்கு அதுதான் மாதிரி. பட்டணத்திலேயே இருந்து இருந்து பெரியப்பாவுக்கு அது மறந்துவிட்டது. நேரே அதன் மேல் ஏற்றினார்.

ஏறிய வண்டி நின்றுவிட்டது. தாழ்ந்த வண்டியின் வயிற்றில் செடி சுருட்டிக்கொண்டது. புகை நாற்றம் வந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்கள்.

"இது ஏறி ஒரு நெத்து வெடிக்கல பாரேன்!" என்றாள் ஒருத்தி.

"கோழி நடந்தாகூட நாலு உளுந்து உதுந்திருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

பெரியப்பாவின் முகம் ஸீட்டின் நிறத்துக்கு வந்தது. "பேச்சக் கொறச்சிட்டு ஆம்பளைங்களக் கூப்புடுங்க" என்றார். "இதுக்கு ஆம்பள எதுக்குங்க?" என்று சொல்லி நாலு பெண்கள் பின்பக்கத்தைப் பிடித்து அலாக்காகத் தூக்கினார்கள். நான் இறங்கப் போனேன். "நீ இரு தாயி, நீ என்ன கனமா கனக்குற?" என்றாள் முதலில் பேசியவள். ஒருத்தி அரிவாளோடு அடியில் படுத்துச் செடியை அறுத்து இழுத்தாள். எனக்கு ஊஞ்சலில் தூக்கிவிட்டது போல இருந்தது, சிரித்துவிட்டேன். அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

வண்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் பேசியவளே கேட்டாள்: "புள்ள யாருங்க? உங்க மவளா?"

யார் கேட்டாலும் பெரியப்பா எம் பொண்ணு என்றுதான் சொல்வார். மூன்று வருஷமாக அந்தப் பதிலைக் கேட்டுப் பழகியவள், அது வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி பொண்ணு. ஊர்ல கொண்டுபோய் விடப்போறேன்."

"லீவுக்கா?"

பெரியப்பா வண்டியைக் கிளப்பினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதை அவள் முகத்தைப் பார்த்து நான் புரிந்துகொண்டேன். முன் ஸீட்டு எதற்கு, துணிப்பை எதற்கு, படுக்கை ஏன் கூடத்துக்கு வந்தது என்பதெல்லாம் திருக்காட்டுப்பள்ளி போவதற்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அழுகை வந்தது. கண்ணீர் ஸீட்டில் விழாமல் நீலத் துணியின் முனையில் துடைத்துக்கொண்டேன். பயம் அப்படி.

எங்கள் வீடு சாலையை ஒட்டியது. வீட்டுக்கு எதிரேயும் உளுந்து பரப்பியிருந்தது. அப்பாவும் அம்மாவும் தெருக்காரர்களும் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிவந்தார்கள். அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்போடு வந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! ஒரு வார்த்த சொல்லியிருந்தா மீன் வாங்கி வச்சிருப்பனே!" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்துக் கதவில் கையை வைத்தார்.

"எறங்க நேரமில்ல தம்பி. புள்ளய விட்டுட்டு வெளிச்சத்துலயே கும்பகோணம் போயிடணும்."

"லீவா? இருக்கட்டும், இருக்கட்டும். எப்ப வந்து அழச்சிக்கிறீங்க?"

"அழச்சிக்கப் போறதில்லடா. ஒங்க அண்ணி முழுகாம இருக்கா. அஞ்சு மாசம்."

அப்பாவின் முகத்தில் சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் வேறொன்று வந்து அதை மூடியதையும் பார்த்தேன். கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நல்ல சேதிதானண்ணே. அதுக்கு இவ ஏன் எறங்கணும்? அக்கான்னு ஒருத்தி இருந்துட்டுப் போறா. தொட்டி ஆட்டுவா."

பெரியப்பா ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார். "இது எத்தன ஸீட்டு வண்டின்னு பாத்தில்ல?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு.

அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றார். கணவரின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. கேட்க வேண்டியதை யாரிடமாவது கேட்பார்கள்; அவர் காதில் விழும். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்த அம்மாவின் முதல் பேச்சு அது. அது எனக்கான கேள்வி இல்லை, பெரியப்பாவுக்கான கேள்வி என்று பின்னால் பெரியவளாகி யோசித்துப் பார்த்தேன். ஒன்பது வயதில் அதெல்லாம் தெரியுமா? நான் மாங்காய் தின்றதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் குரல் ஏறியது. "பூதலூர் டேசன்ல ஊரு பாக்கக் கையப் புடிச்சிக் குடுத்தேன். குடுத்தத திருப்பி வாங்குன்னா? கக்குனத அள்ளித் திங்கச் சொல்றீங்களா?" பிறகு என்னைப் பார்த்து, "நீ எறங்காத. அங்கயே ஒக்காரு" என்றார்.

"எறங்கும்மா" என்றார் பெரியப்பா.

நான் யார் சொல்வதைக் கேட்பது? ஒருவரை மூன்று வருஷம் அப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன். இன்னொருவர் அப்பா. தெருவே சுற்றி நின்றது. மூடிய காராக இருந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாவது குனிந்திருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன வண்டியில் தலைக்கு மேல் வானம்தான் இருந்தது. சின்ன வயதில் கூட விளையாடிய பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நீலத் துணி கட்டிக்கொண்டு, சாமி ஊர்வலத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கு வேறு தாங்க முடியவில்லை.

"ஒன் ரத்தம்டா அது" என்றார் பெரியப்பா.

"அப்ப நெலம்?"

அப்பா கேட்டேவிட்டார். பெரியப்பாவின் பங்கு நிலத்தையும் அப்பாதான் பயிர் செய்து வந்தார், குத்தகை எதுவும் கொடுக்காமல். பிள்ளையில்லாத அண்ணனுக்கு நான் பிள்ளை, அண்ணனுக்குப் பின்னால் நிலம் எனக்கு, என்றால் அப்பாவுக்கு. இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசாமல் நடந்த பேச்சு.

"நெலத்துக்கு இப்ப என்ன?"

"இவ அங்க இருந்தா அது எங்கையில இருக்கும். இவ எறங்கிட்டா?"

"எறங்கிட்டா ஒம் புள்ள ஒனக்கு, எம் நெலம் எனக்கு. சரியாப் போச்சுல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். வயல் வரப்பில் யாரோ விட்டுவிட்டுப் போன மாட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அதை நான் மறந்துவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

"எறங்காத" என்றார் மறுபடியும்.

"எறங்கு" என்றார் பெரியப்பா. ஆனால் இரண்டு பேரில் ஒருவரும் என்னைத் தொடவில்லை. பெரியப்பா தூக்கி இறக்கினால் அவர் கையால் தள்ளிவிட்டதாக ஆகும். அப்பா தொட்டால் வாங்கிக்கொண்டதாக ஆகும். அம்மா சொம்பைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு கை நீளும், யாருடையதாவது ஒரு கை நீளும் என்றுதான் காத்திருந்தேன். அந்தக் கை வந்தால் எந்த வீடாக இருந்தாலும் போய்விடுவது என்று இருந்தேன். பட்டணமோ இந்தத் தெருவோ எனக்கு அப்போது பெரிதாக இல்லை.

கை வரவில்லை. மழை வந்தது.

கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். மேற்கே கறுத்ததை யாரும் கவனிப்பதற்குள் தலையில் கல் போலச் சொட்டு விழும். "உளுந்து!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். சண்டையாவது, பிள்ளையாவது, தெரு முழுக்கச் சாலைக்கு ஓடியது. நனைந்த உளுந்து முளைத்துப்போகும்; அந்தக் கோடைக்கு அதுதான் எல்லார் வீட்டிலும் கைச்செலவு. அப்பா கம்பைப் போட்டுவிட்டுக் கோணியை எடுக்க ஓடினார். அம்மா சொம்பை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

பெரியப்பா குதித்து இறங்கிப் பின்னாலிருந்த கித்தானை இழுத்தார். அது எங்கேயோ சிக்கிக்கொண்டது. "ஸீட்டு நனையுது! எறங்கு! எறங்கித் தொல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

கதவின் உள்பக்கம் தொங்கிய கயிற்றை இழுத்தேன். கதவு திறந்தது. நானே இறங்கினேன். வெறுங்காலை உளுந்துச் சருகின் மேல் வைத்தேன், நெற்றுகள் குத்தின. அந்த மழையில் நின்றபடியே, அதுவரை அடக்கியதை விட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஸீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நின்னுக்கிட்டு இருக்கா பாரு! கூடையப் புடிடி!" அம்மாவின் குரல். ஒரு கூடை என் நெஞ்சில் வந்து இடித்தது. பிடித்தேன். அம்மா அள்ளி அள்ளிக் கொட்டினார். சருகும் மண்ணும் உளுந்துமாக நிறைந்ததும், "உள்ள கொண்டுபோய்க் கொட்டு, ஓடு!" என்றார். ஓடினேன். வாசற்படி தாண்டிக் கூடத்தில் கொட்டிவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். மறுபடி நிறைந்தது, மறுபடி ஓடினேன்.

அப்படித்தான் நான் பிறந்த வீட்டுக்குள் திரும்பிப் போனேன். வா என்று யாரும் கூப்பிடவில்லை. ஆள் பற்றாத நேரத்தில் கூடை பிடிக்க ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

கோடை மழை, வந்த வேகத்தில் நின்றது. பெரியப்பா கித்தானை மாட்டி முடித்திருந்தார். கூரை போட்டதும் அதுவும் எல்லாக் காரையும் போல ஒரு காராகிவிட்டது. கைக்குட்டையால் ஸீட்டைத் துடைத்துவிட்டு என்னை விரல் காட்டிக் கூப்பிட்டார். நான் போனேன். என்ன சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், தெரியுமா? திரும்பி ஏறு என்று சொல்வார் என்று நினைத்தேன். இவ்வளவுக்குப் பிறகும்.

"அந்தத் துணியக் குடு. பெரியம்மா தேடுவா."

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க வரவில்லை. அப்படியே தலைக்கு மேலே உருவிக் கொடுத்தேன். பிழிந்து பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த ஆடியிலேயே நிலம் வேறு ஆளின் குத்தகைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வயலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா ஒருமுறை அதைப் பார்ப்பார், ஒருமுறை என்னைப் பார்ப்பார். அடித்ததில்லை. அடித்திருந்தால் தேவலை. தகரப் பெட்டி வரும் என்று கொஞ்ச நாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் போர்ட்டர் ஒருநாள், "ஒன்னையே திருப்பி அனுப்பிட்டாங்க, பொட்டிய வச்சிக்கிட்டா என்ன?" என்று கேட்டார். கேலியாகத்தான். அதற்குப் பிறகு போகவில்லை.

அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார், பேரப்பிள்ளைகளிடமும் சொன்னார், படுக்கையில் விழுந்த பிறகு பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார்: "பட்டணத்துலேர்ந்து வந்து எறங்குன அன்னைக்கே கூடையப் புடிச்சா. இவ இல்லன்னா அந்த வருசத்து உளுந்து அத்தனையும் போயிருக்கும்." அந்த நாளை அம்மா உளுந்து தப்பிய நாளாகத்தான் நினைவில் வைத்திருந்தார். என்னைத் தள்ளிவிட்ட நாள் என்று ஒன்று அவர் கணக்கிலேயே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. விசிறியை வேகமாக வீசினேன். "போதும்டி, குளுருது" என்றார்.

இப்போது போனுக்கு வருகிறேன். அறுபதாம் கல்யாணம் யாருக்கு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அன்றைக்குப் பெரியம்மாவின் வயிற்றில் இருந்தவனுக்கு. தம்பி முறை. நல்ல பையன், அதைச் சொல்லியாக வேண்டும். அந்த நிலத்தை விற்ற பணத்தில் படித்தவன் என்றாலும் நல்ல பையன். நல்லது கெட்டதுக்கு நாலு வார்த்தை பேசிக்கொள்வோம், அவ்வளவு பழக்கம்.

"அக்கா, ஒரு விஷயம்! அப்பாவோட பழைய கார் இருக்குல்ல, பச்சைக் கார்? செட்டுல துருப்புடிச்சிக் கெடந்துச்சி. எல்லாம் மாத்தி ஓட்டுற மாதிரி பண்ணிட்டேன். ஸீட்டுகூட அதே செவப்புத் தோல்ல புதுசா தச்சாச்சி. பத்தரமா இருந்த சாவியும் ஸ்பானரும் எதுல கெடச்சிச்சின்னு நெனைக்கிறீங்க? கிளி படம் போட்ட ஒரு தகரப் பொட்டி. சின்ன வயசுல என் வெளாட்டுச் சாமான்லாம் அதுலதான் இருக்கும்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"திருக்கடையூருக்கு அந்தக் கார்லதான் போகப்போறேன். ஒங்க தம்பி பொண்டாட்டி தலை கலைஞ்சிடும்னு வேன்ல வர்றாளாம். முன் ஸீட்டு காலி. நீங்கதான் வரணும். அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு: அந்தக் கார்ல முன்னாடி ஒக்காந்து பட்டணத்துலேர்ந்து ஊர் வரைக்கும் வந்தப்ப அந்தப் புள்ள மூஞ்சில இருந்த சந்தோஷம் இருக்கே, அத மறக்க முடியாதுன்னு."

பார்த்தீர்களா? அவரும் பொய் சொல்லவில்லை. பாதி தூரம் வரைக்கும் அது உண்மைதான். மீதி தூரத்தை அவர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவே இல்லை, பெரியவர்கள் எழுதிக்கொள்வதில்லை. செத்துப்போனவரை என்ன செய்ய முடியும்? முடியாது தம்பி, நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா" என்றான் அவன். "ரொம்பத் தாழ்வான வண்டி. ஏறி ஒக்காந்துடலாம், எறங்குறதுதான் கஷ்டம். அதப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. நான் சுத்தி வந்து கையப் புடிச்சி எறக்கிவிடுறேன்."

அறுபது வருஷம் கழித்து ஒரு கை நீள்கிறது. அதுவும் யாருடைய கை? எவன் வரப்போகிறான் என்று என்னை இறக்கினார்களோ, அவனுடைய கை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து நீட்ட வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அக்கா? கேக்குதா? வர்றீங்கதானே?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆவணியில் சொல்லாமல் மழை வரும். கறுப்புக் குடையைத் தேடி எடுத்து, கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கதவோரம் மாட்டி வைத்திருக்கிறேன்.